பட்டன் போட்ட பிறகு சுடவும்

மேடவாக்கத்தில் நேற்று ஒரு செல்போன் உறை வாங்கினேன். "பட்டனை அழுத்திப் பாருங்க சார், செம டைட்டா இருக்கும்" என்றார் கடைக்காரர். அழுத்தினேன். டிக். அவ்வளவுதான், அந்த அப்பாவி மனிதர்மேல் எரிந்து விழுந்தேன். ரிட்டயர்டு போலீஸ்காரனுக்கு ரத்தக் கொதிப்பு என்று நினைத்திருப்பார். அதுவும் உண்மைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த டிக் என் காதை விட்டு அகன்றதே இல்லை. தாம்பரத்துக்கு அப்பால், பாறை உடைத்துக் கைவிட்ட பள்ளத்தில் எங்களுக்குப் பிஸ்டல் பயிற்சி. தோட்டாக்களை மருந்துபோல் அளந்து தருவார்கள். ஆகையால் பெரும்பாலும் வெறும் பிஸ்டலோடு பாவனைதான்: உருவு, குறி பார், அழுத்து, மேகசினை மாற்று. பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிதான் மேகசின். துப்பாக்கி எண்ணெயின் வாடை மத்தியானச் சோற்றிலும் அடிக்கும். நிஜமாகச் சுடும் நாளில், அட்டை மனிதனை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த பாறையைத்தான் நான் காயப்படுத்துவேன்.

பக்கத்தில் நிற்பவன் ஏழுமலை, இரும்புலியூர்க்காரன். காலி மேகசினை உதறுவான். அது தரையைத் தொடுமுன் புதியது உள்ளே ஏறியிருக்கும். வினையே அங்கேதான். மேகசின் அரசாங்கச் சொத்து, கல்லில் விழுந்தால் நசுங்கும். எனவே நடைமுறை இது: காலி மேகசினை இடுப்பு உறையில் வை, பட்டனைப் போடு, பிறகு அடுத்ததை எடு. பேரன்களின் பெயர் குழம்புகிறது, இது குழம்பவில்லை.

"பட்டன் போடறதுக்குள்ள எதிர்ல கீறவன் சும்மா நின்னுகினு இருப்பானா சார்?" என்று கேட்டேவிட்டான் ஏழுமலை.

"மேகசின் இன்னா உங்கப்பன் வூட்டுதா?" என்றார் பயிற்சி அதிகாரி.

அன்று வெயில் சாயும்வரை அவனைத் தனியே நிறுத்தினார். வை, பட்டன், எடு. வை, பட்டன், எடு.

"மச்சான், கீய ஒரு சாக்கு விரிச்சா நசுங்காதுல்ல? நீ படிச்சவன், நீ கேளு" என்றான் என்னிடம். கேட்டேன். சாக்குக்கு விதியில் இடமில்லையாம். மாதங்கள் போகப்போக ஏழுமலையின் கை திருந்தியது. அதாவது, கெட்டது.

பிறகொரு நாள், பட்டப்பகலில், கோவிலம்பாக்கத்துச் சந்தொன்றில் ஒரு ரவுடியைப் பிடிக்கப் போனோம். ஏழுமலை உள்ளே. நான் மறுமுனையில், பூட்டிய இரும்புக் கேட்டுக்கு வெளியே. அரிவாளோடு வந்தவனை நிறுத்த வானத்தில் சுட்டான், காலைப் பார்த்துச் சுட்டான்; அளந்து தந்த தோட்டா அதோடு தீர்ந்தது. கம்பிகளுக்கிடையே பார்த்தேன். அவனுடைய இடது கை தானாகக் காலி மேகசினை உருவியது, உறையில் வைத்தது, பட்டன் போட்டது. டிக்.

அரிவாள் அந்தக் கையில் இறங்கியது. வெட்டியவன் சுவரேறி ஓடிவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அதே பயிற்சி அதிகாரி முதலில் கேட்டது, "மேகசின் பத்திரமா இருக்கா?"

"பட்டன் போட்டு வெச்சிட்டேன் சார்" என்றான் ஏழுமலை. "வெரலுங்களத்தான் கீய போட்டுட்டேன்."

விதி பின்னால் மாறியது. அவனுக்காக அல்ல, அடுத்து வாங்கிய உறைகளில் பட்டனே இல்லை, அதனால். அந்தப் பள்ளத்தை மூடி அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அதிகாரி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். ஏழுமலை போன தை மாதம் போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டது அவன் மனைவிதான்.