சதுக்கத்தில் கேட்ட வயலின்

பிள்ளைகளே, இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நானும் மகளும் ஒரு நண்பரோடு இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போயிருந்தோம். மாலையில் பழைய தேவாலயச் சதுக்கத்தில் ஒரு பெண் வயலின் வாசித்தார். ஊரே நின்று கேட்டது. வயலின் அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த என் மகளும் சொக்கி நின்றாள்.

"உது றோட்டில பிச்சை எடுக்கிற கூட்டம், வாங்கோ," என்று நண்பர் சத்தமாகச் சிரித்தார்.

மகள் திரும்பினாள். "ஏன் அங்கிள், பெரிய ஹோல் வாடகைக்கு எடுத்து, பட்டுச்சீலை கட்டி வாசிச்சாத்தான் மியூசிக்கோ?"

"உவளுக்கு வாய் கூடிப்போச்சு," என்றார் என்னிடம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. "நீங்கள் போங்கோ அண்ணை. நாங்கள் கேட்டிட்டு வாறம்."

ஸ்காபரோ திரும்பியபின் நடந்த மகளின் அரங்கேற்றத்துக்கு அந்த நண்பர் வரவில்லை. அதற்கு முதல்நாள் மாலை, எங்கள் கடைத்தொகுதியான பிளாசாவின் வாசலில், அந்தப் பெண்ணைப் போலவே நின்று மகள் வயலின் வாசித்தாள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நான் அசையாமல் அவள் பக்கத்திலேயே நின்றேன்.