லேயாள் வைக்காத நெல்மூட்டை

லேயாளுக்கு யாராவது சும்மா ஒரு வாழைப்பழம் கொடுத்தால், அவள் முதலில் பார்ப்பது பழத்தை அல்ல, கொடுத்தவர் முகத்தை. பிறகு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் தோலை உரிப்பாள். ஒரு சித்திரை வெயிலில் திடீரென்று மழை வந்தது. ஊரே வாசலில் இறங்கி நனைந்தபோது இவள் மட்டும் கூரைக்கடியில் நின்று வானத்தைப் பார்த்து, "எதுக்கு இப்போ?" என்று கேட்டாள். மழையும் பதில் தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மறுபடி பெய்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் சித்தேரிக்கட்டளையில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சித்தேரிக்கட்டளை நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். லேயாளுக்கு ஐம்பத்து நாலு வயது. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. ஒரே மகள் சென்னையில் நர்ஸ். அறுவடைக் காலத்தில் லேயாளுக்கு ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றுகிற வேலை, அவள் குணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. ஈரப்பதம் பார்க்கிற மெஷின் பதினேழு என்று காட்டும். இவள் இரண்டு நெல்லைக் கடித்துப் பார்த்து, "பத்தொம்பது" என்பாள். மெஷினை ஒரு தட்டு தட்டித் திரும்ப வைத்தால் பத்தொன்பதுதான் காட்டும். நெல்லில் ஈரம் இருந்ததா, மெஷின் அவளுக்குப் பயந்ததா என்பது மெஷினுக்குத்தான் தெரியும்.

மனிதர்களைச் சந்தேகப்படுவது போதாதென்று அவள் கடவுளையும் சந்தேகப்பட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

வைரக்கண்ணு என்பவரின் நிலத்தில் ஒன்றரை ஏக்கரை ஆறு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் சம்பா போட்டிருந்தாள். கதிர் வாங்கி, தலை சாய்ந்து, வயல் முழுக்கப் பொன்னாய் நின்றது. வரப்பில் நின்று, "கர்த்தாவே, இதை வீடு சேத்துடும். முதல் மூட்டை உமக்கு" என்று பொருத்தனை செய்துகொண்டாள். அறுவடை மெஷின் வருவதற்கு இரண்டு நாள் இருந்தபோது, தை மாதக் கடைசியில், யாரும் எதிர்பார்க்காத மழை. மூன்று நாள் விடவில்லை. படுத்த பயிர் தண்ணீரிலேயே கிடந்து கதிரிலேயே முளைவிட்டது.

லேயாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று மேலே பார்த்துக் கத்தினாள். "உன் மூட்டையும் இதுலதானே இருந்துச்சு? அதையும் சேத்து நனைச்சிட்டியே! இனிமே நீ யாரோ, நான் யாரோ!" அந்தக் குரலைக் கேட்டு நீடாமங்கலம் ஸ்டேஷனில் நின்ற ரயில், விசில் ஊதிவிட்டார்கள் என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டது என்பது கொஞ்சம் கூடுதல். மற்றதெல்லாம் உண்மை.

அன்றோடு குத்தகையை விட்டாள். காணிக்கை இல்லை, பாட்டு இல்லை, இராப்போஜன அப்பம் வாங்குவதும் இல்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் தூணோரமாக உட்காருவாள். நாலு ஊருக்கும் சேர்த்து ஒரே போதகர், ஸ்கூட்டரில் வந்து போகிறவர். அவர் ஒரு நாள் கேட்டேவிட்டார். "ஆண்டவரோட பேச்சில்லைங்கறீங்க. அப்பறம் வாரா வாரம் வர்றீங்களேம்மா?"

"நான் வராம இருந்தா அவரு என்ன செய்யறாருன்னு யாருங்கய்யா பாக்கறது?"

தேவன் நம்மை நிபந்தனையில்லாமல் நேசிக்கிறார் என்று அவர் பிரசங்கம் செய்தபோது எல்லோரும் கண் கலங்கினார்கள். லேயாள் கண்ணைச் சுருக்கினாள். நிபந்தனை சொல்லாத குத்தகை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கடைசியில்தான் சொல்வார்கள்.

இப்படியிருக்க, இந்த வருஷம் மாசி மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. பீடத்தைச் சுற்றி வாழைத்தார், கரும்பு, பரங்கி, சேவல், புதுநெல் மூட்டைகள். ஆராதனை முடிந்ததும் இன்னார் இன்னது படைத்தார் என்று வாசிப்பார்கள், அப்புறம் ஏலம். சபைச் செயலாளர் செல்லதுரை பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தார்.

"லேயாள் அம்மாள், ஒரு மூட்டை நெல்."

கோயிலில் இருந்த எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. லேயாள் எழுந்தாள்.

"அது என்னுது இல்ல."

"பேரு ஒட்டியிருக்கேக்கா. நேத்து சாயங்காலம் வாசல்ல இருந்துச்சு."

"நான் வைக்கல. யாரு வச்சதுன்னு தெரியற வரைக்கும் அந்த மூட்டையை யாரும் ஏலம் விடக் கூடாது."

போதகர் தலையசைத்தார். மூட்டை உள்ளறைக்குப் போனது. "அடுத்த ஞாயிறு வரைக்கும் வச்சிருக்கோம்மா. அதுக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா உங்க பேருலயே இருந்துடும்."

லேயாளுக்கு அதுதான் தாங்கவில்லை. கணவர் போனார், பயிர் போனது, மகள் தூரத்தில். அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்தச் சண்டை ஒன்றுதான். அதையும் அவளைக் கேட்காமல் யாரோ சமாதானம் பண்ணி வைக்கப் பார்க்கிறார்கள்.

முதல் சந்தேகம் செல்லதுரை மேல். மே மாதம் சபைத் தேர்தல். காணிக்கை கொடுக்காதவர் பெயர் வாக்காளர் பட்டியலில் வராது. கோயில் வாசலிலேயே அவரை மடக்கினாள்.

"எலெக்சனுக்காகத்தானே வச்ச?"

செல்லதுரை சிரித்துவிட்டார். "ஏங்க்கா, உங்களுக்கு ஓட்டு வந்தா எனக்கா போடுவீங்க?"

"போட மாட்டேன்."

"பின்ன நான் எதுக்கு என் காசுல எனக்கே குழி வெட்டறேன்?"

இந்த நியாயம் லேயாளுக்குப் பிடித்திருந்தது. அவரை விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய் மூட்டையைச் சுற்றி வந்தாள். வாயை இரண்டு மடிப்பாக மடித்துக் கோணி ஊசியால் தைத்திருந்தது. எல்லோரும் தைத்தால் முடிச்சு வலது மூலையில் விழும். இது இடது மூலையில் விழுந்திருந்தது. கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்குகிறவர்களில் இடக்கையால் தைக்கிறவன் ஒருவன்தான், கோவிந்தராசு.

திங்கட்கிழமை காலையில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரில் போய் நின்றாள்.

"தம்பி, சனிக்கெழம யாரு வீட்டுல மூட்டை தெச்ச?"

"கோயில் மூட்டையாக்கா?"

"நான் கோயில்னே சொல்லலையே."

கோவிந்தராசுவுக்கு டீ புரை ஏறியது. இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "அக்கா, ஆளு யாருன்னு மட்டும் கேக்காதீங்க. சூடத்தை ஏத்தி, அதை அணைச்சு சத்தியம் வாங்கியிருக்காங்க."

"சரி, கேக்கல" என்று லேயாள் திரும்பி நடந்தாள். அவன் ஆச்சரியப்பட்டுப்போனான். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சபையில் எந்த வீட்டிலும் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு சொல்லில் நாற்பத்தொரு குடும்பமும் தப்பித்தது. ஆனால் சந்தேகம் இன்னும் பெரிதானது. சூடம் ஏற்றுகிற வீட்டுக்காரர் கிறிஸ்தவக் கோயிலில், அதுவும் அவள் பெயரில், எதற்கு நெல் வைக்க வேண்டும்?

வேலை முடிந்ததும் கோயில் சாவியை வாங்கிப்போய் மூட்டையின் ஒரு மூலையைப் பிரித்தாள். ஒரு கை நெல்லை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். வெள்ளை அரிசிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு அரிசி.

எத்தனை தடவை களையெடுத்தாலும் அந்தச் சிவப்புக் கலப்பு போகாத வயல் ஒன்றே ஒன்று. ஆறு வருஷம் அவள் தன் கையால் நட்ட வயல். வைரக்கண்ணுவுடையது.

இப்போது எல்லாம் விளங்குவது போலிருந்தது. மறுபடி குத்தகைக்கு இழுக்கப் பார்க்கிறார். இல்லை, வேறு ஏதோ இருக்கிறது. என்னவாக இருந்தாலும் அதை அவர் வாயாலேயே வரவழைத்துவிடுவது என்று மறுநாள் பிற்பகல் வேலை முடிந்து நேரே வயலுக்குப் போனாள்.

வைரக்கண்ணு வரப்பில் நின்று உளுந்துப் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிற மனிதர், தோளில் துண்டு. அவளைப் பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தார். அதையும் லேயாள் கவனித்துக்கொண்டாள்.

"ஐயா, எம் பேருல மூட்டை வச்சது நீங்கதானே?"

"கோவிந்தராசு சொல்லிட்டானா?"

"அவன் சொல்லல. உங்க சிவப்பு நெல்லு சொல்லிச்சு. எதுக்குங்க வச்சீங்க?"

வைரக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ கத்துன அன்னைக்கி நான் அந்த மோட்டார் கொட்டாயிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு மூட்டை தர்றேன்னு சொன்னே. தரல. அதோட விட்டியா? இந்த எடத்துல நின்னு திட்டியும் புட்டே."

"நான் திட்டுனா உங்களுக்கு என்னங்க?"

"என்னங்கவா? ரெண்டு வருசமா நானே போட்டுப் பாத்துட்டேன். ஏக்கருக்குப் பதினாலு மூட்டை. பக்கத்துல முப்பது. எங்க சாமி கோவிச்சுக்கிட்டா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். உங்க சாமியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒம் மேல இருக்கற கோவத்தை என் நெலத்துல காட்டறாரு போலருக்கு, நீ நேந்துக்கிட்டதை நாமளே கொண்டுபோய் வச்சுப்புட்டா தீந்துடும்னு பாத்தேன். வீட்டுல பொஞ்சாதி மங்களாம்பிகைக்குக்கூடத் தெரியாது."

லேயாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"எங்க சாமியை என்னன்னு நெனைச்சீங்க நீங்க? சண்டை போட்டவ நானுங்க. அவரு போடல. கோவத்தை வச்சுக்கிட்டுப் பழி வாங்கற ஆளா இருந்தா இந்த ரெண்டு வருசத்துல எனக்கு ஒரு தலைவலியாவது வந்திருக்க வேணாம்? வாரா வாரம் போயி அவரு மொகத்தைப் பாத்து மொறைச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். ஒரு நாளு கதவைச் சாத்துனாரா? வெளியில போன்னாரா? அவரையே ஆணி அடிச்சுக் கொன்னாங்க. கொன்னவங்களையே மன்னிச்சுடுன்னு சொல்லிட்டுப் போனவரு. அவரா ஒரு மூட்டை நெல்லுக்காக உங்க வயல்ல வந்து கையை வைக்கப் போறாரு? அந்த வடிகாலைப் பாருங்க, கோரை மண்டிக் கெடக்கு. தண்ணி வடியாம வேரு அழுகுனா பதினாலு மூட்டை வர்றதே பெருசு. அதை வெட்டி விடறதை விட்டுட்டு எங்க சாமி மேல பழியைப் போடறீங்களே!"

வைரக்கண்ணு வடிகாலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இப்போது சந்தேகம் அவர் முகத்துக்கு மாறியிருந்தது.

"அம்புட்டு நல்லவராம்மா?"

"நல்லவருதாங்க."

"அப்ப நீ ஏன் அவருகிட்ட பேச மாட்டேங்கறே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகாலைப் பார்க்கப் போய்விட்டார்.

அவள் தனியாக நின்றாள். அன்றைக்கு நின்ற அதே இடம். இரண்டு வருஷமாக அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்ததெல்லாம் ஒரே ஒரு தப்பைப் பிடிக்கத்தான். நேசிக்கிறேன் நேசிக்கிறேன் என்கிறவர் எப்போது கையை ஓங்குவார், எப்போது நிபந்தனையைச் சொல்வார் என்று. நூறு ஞாயிற்றுக்கிழமை பார்த்தாயிற்று. ஒன்றும் சிக்கவில்லை. கேட்ட முதல் ஆளிடமே அவருக்காகத் தொண்டை கிழியச் சாட்சி சொல்லிவிட்டு நிற்கிறாள்.

நாலு பக்கமும் பார்த்தாள். வைரக்கண்ணு தூரத்தில் குனிந்து கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அந்த மூட்டை என்னுது இல்ல. உமக்கே தெரியும்" என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு. "பயிரை எதுக்கு நனைச்சீருன்னு நீரு இன்னும் சொல்லல. அது அப்படியே இருக்குது. நான் மறக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நீரு கதவைச் சாத்தலை" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வரப்போடு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லேயாள் கொஞ்சம் தாமதமாக வந்தாள். இடுப்பில் ஒரு பரங்கிக்காய், கொல்லையில் காய்த்தது. ஆராதனை முடியும்வரை அதைப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தாள். பாட்டு வந்தபோது அவள் உதடு அசைந்தது என்று முன் பெஞ்சில் திரும்பிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைசிச் சரணத்தில் சத்தமும் வந்ததாம்.

செல்லதுரை நோட்டை விரித்தார். "மூட்டை விஷயம் என்னக்கா ஆச்சு?"

"வச்சவங்களைப் பாத்துட்டேன். திரும்ப எடுத்துக்க மாட்டாங்களாம், பேரும் வேணாமாம். எம் பேரை அடிச்சுட்டு, பேர் சொல்லாதவர்னு எழுதிக்குங்க. நீங்க ஏலம் விடலாம்."

அவர் அடித்தார். லேயாள் எட்டிப் பார்த்து, சரியாக அடித்திருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு பரங்கிக்காயைத் தூக்கிப்போய்ப் பீடத்தின் முன்னால் வைத்தாள். சபையே எட்டிப் பார்த்தது.

"இது என்னுது."

"பண்டிகை போன வாரமே முடிஞ்சிடுச்சேக்கா. என்னன்னு எழுதறது? பொருத்தனையா?"

"இல்ல."

"மக வேலைக்கு எதாச்சும் வேண்டுதலா? ஒடம்பு சொகத்துக்கா?"

"நான் ஒண்ணும் கேக்கல."

"பின்ன எதுக்குக்கா?"

"சும்மா."

செல்லதுரை பேனாவைக் கீழே வைத்தார். லேயாள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய்ப் பரங்கிக்காயைத் தூக்கி, திருப்பித் திருப்பி, அடிப்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"சும்மாதாங்கறேன்ல, எழுதுய்யா" என்றாள் லேயாள்.