மௌஸுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் மூன்று வருடம் ஓயாமல் ஒரு சண்டை நடந்தது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அது. வேண்டும் என்பது அப்பா கட்சி. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது மாமா கட்சி. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மந்தைவெளியில் இருந்த எங்கள் ஃப்ளாட்டுக்குச் சாப்பிட வருவார். ரசம் பரிமாறும்போது சண்டை ஆரம்பிக்கும், மோர் சாதம் வரை போகும்.

அப்பா இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தார். உலகத்தில் எந்த நிமிடமும் எதுவும் நடக்கலாம் என்பது அவர் சம்பளம் வாங்கிய கொள்கை. வருடம் தவறாமல் கடைக்குப் போய் ஆன்டிவைரஸ் டப்பா ஒன்றை வாங்கி வருவார். அதற்குள் ஒரு சிடியும் நீளமான நம்பர் அச்சிட்ட சீட்டும் இருக்கும். அந்தச் சீட்டை பாஸ்போர்ட், ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைப்பார். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் கை கால் அலம்பி, விபூதி இட்டுக்கொண்டு, ஸ்கேன் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். அது முடிகிற வரை வேறு யாரும் அந்த மெஷினில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது.

மாமாவின் கொள்கை சின்னது. கம்ப்யூட்டரோடு இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பே வீட்டுக்குப் போதும், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், ஊர் பேர் தெரியாத பென் டிரைவைச் சொருகாதீர்கள், முக்கியமானதை இன்னொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். அவ்வளவுதான். அந்த மூன்று வருடத்தில் அப்பாவின் ஆன்டிவைரஸ் பிடித்த ஒரே திருடன், அம்மா தமிழில் டைப் அடிப்பதற்காக மாமா போட்டுக் கொடுத்த மென்பொருள். அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டது. அம்மா இரண்டு நாள் தமிழ் இல்லாமல் தவித்தாள். அப்பாவோ கடமை தவறாத போலீஸ்காரரைப் பார்ப்பதுபோல அந்த டப்பாவைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் இன்ஜினியரிங் சேர்ந்து, நாலு பேப்பர் பாக்கி வைத்து, பாதியில் விட்டவர். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பேருக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்தாவது உண்டு. கல்யாணம், காது குத்து என்று கூடினால், "நீ இப்போ என்னடா பண்றே?" என்று யாராவது கேட்பார்கள், பதிலுக்குக் காத்திராமல் காபி வாங்கப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும், கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டால், அப்பாவே பக்கத்தில் நின்று சந்தேகம் கேட்பார். சண்டை போடுவார், ஆனால் கேட்பார்.

அந்த மெஷினில் நிஜமாகவே காப்பாற்ற வேண்டிய பொருள் ஒன்று இருந்தது, அது அம்மாவுடையது. அம்மா கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். தெருவில் கூவி விற்பவர்களின் குரல்கள்தான் ஆராய்ச்சி. கீரை, உப்பு, கோலமாவு, சாணை, பழைய பேப்பர் என்று அத்தனை குரல்களையும் நாலு வருடம் அலைந்து பதிவு செய்திருந்தாள். மாமாதான் காலையில் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு அபிராமபுரம், சைதாப்பேட்டை என்று தெருத் தெருவாகப் போனார். எழுதியதும் பதிந்ததும் எல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தன. கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தது பாதிதான். பெரிய பெரிய ஒலிப்பதிவுகளைக் காப்பி செய்யப் போனால் ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் விடும், மணிக்கணக்காகும். லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா தள்ளிப்போட்டுவிட்டாள். தீபாவளிக்கு முன் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

எனக்கு அப்போது பதினோரு வயது. வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் சரஸ்வதி பூஜை, ஏனென்றால் அன்று படிக்கக்கூடாது. புத்தகமெல்லாம் கொலுவுக்குக் கீழே பட்டுத்துணி போர்த்திக்கொண்டு தூங்கும். ஆனால் அப்பா கம்ப்யூட்டரையும் புத்தகக் கணக்கில் சேர்த்துவிட்டார். முதல் நாளே மாமா வந்து மெஷினைத் திறந்து, பால்கனியில் வைத்துத் தூசி ஊதிக் கொடுத்துவிட்டுப் போவார். பூஜையன்று அப்பா மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பார். ஆன்டிவைரஸ் டப்பாவுக்கும் ஒரு பொட்டு. அம்மாவின் பென் டிரைவுக்குக் கடுகளவு ஒன்று. மறுநாள் விஜயதசமியன்று மறுபடி பூஜை செய்து எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

அந்த வருடம் என் பையில் இன்னொரு பென் டிரைவ் இருந்தது. பள்ளித் தோழி கொடுத்தது. அதில் கார் ரேஸ் விளையாட்டு. லீவு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருந்தாள். "ஆன்டிவைரஸ் கத்தும். கண்டுக்காத. அத ஆஃப் பண்ணிட்டுப் போட்டுக்க."

பூஜையன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் கீழ் வீட்டுக் கொலுவுக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். அவர்கள் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் சரஸ்வதியிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். பென் டிரைவைச் சொருகியதும் சிவப்புக் கட்டம் ஒன்று எகிறி வந்து கத்தியது. மூன்று வருடத்தில் அது உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். நான் அதன் வாயை அடைத்தேன். எவ்வளவு நேரத்துக்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டது. நிரந்தரமாக என்று அழுத்தினேன். பிறகு முக்கால் மணி நேரம் சொர்க்கம்.

அணைத்துவிட்டுப் பார்த்தால் மௌஸில் இருந்த பொட்டு என் ஆள்காட்டி விரலில் இருந்தது. சந்தனம் தீர்ந்து கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். குங்குமத்தை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். பார்க்க அச்சு அசல் அப்படியே இருப்பதாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை புனர்பூஜை முடிந்து, நல்ல நேரத்தில் ஒரு வரியாவது எழுதிவிட வேண்டும் என்று அம்மா உட்கார்ந்தாள். பென் டிரைவைச் சொருகினாள். அவள் கண்ணெதிரே ஒவ்வொரு ஃபோல்டரிலும் வளைந்த அம்புக்குறி முளைத்தது. எதைத் திறந்தாலும் திறக்கவில்லை. கீரை இல்லை, உப்பு இல்லை, ஆறு அத்தியாயமும் இல்லை. அம்மா அழவில்லை. மாமாவுக்கு போன் போட்டு, "நாலு வருஷம்டா" என்று மட்டும் சொன்னாள். அந்த உப்புக்காரர் செத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் கொலுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பொம்மை சரஸ்வதி வீணையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தொட்டது நான், தண்டனை அம்மாவுக்கா என்று நியாயம் கேட்டேன். அந்த ஃபைல்கள் திரும்பி வந்தால் கற்பகாம்பாளுக்கு நூற்றெட்டுப் பிரதட்சிணம், ஆயுசுக்கும் கார் விளையாட்டு கிடையாது என்று வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்த வயதிலேயே ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறேன்.

மாமா கால் மணி நேரத்தில் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மௌஸைப் பிடிக்கப் போனவர் கையை நிறுத்தினார். கீபோர்டில் இருந்த பொட்டைப் பார்த்தார். மானிட்டரில் இருந்ததைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மௌஸை அழுத்தித் துடைத்தார். பூஜைதான் முடிந்துவிட்டதே என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு மற்ற இரண்டு பொட்டுகளையும் துடைத்தார். எப்போதும் சுத்தம் பார்க்கிறவர் என்பதால் எனக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று என்னை உள்ளே அனுப்பினார்.

நான் சொம்போடு வந்தபோது கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்துக்கொண்டிருந்தார். எதுவும் அழியவில்லை, இந்த வைரஸ் ஃபோல்டர்களை மறைத்துவிட்டுப் பொய்யாக ஒன்றை முன்னால் வைக்கும், அவ்வளவுதான் என்றார். என்டர் தட்டினார். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அம்மா நம்பாமல் ஒன்றைத் திறந்தாள். 'உப்போய்' என்று செத்துப்போன அந்த மனிதரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அப்போதுதான் அம்மா அழுதாள். நானும் அழுதேன், காரணம் வேறு.

அப்பா அழவில்லை. அவர் திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்டிவைரஸை யார் அணைத்தது என்று கேட்டார். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மாமா பேசிவிட்டார்.

"நான்தான் அத்திம்பேர். முந்தாநேத்து தூசி தட்ட வந்தப்போ ஆஃப் பண்ணேன். ரொம்ப ஸ்லோவா இருந்துது. திரும்பப் போட மறந்துட்டேன்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இந்த ஒரு விஷயத்துலயாவது உனக்குத் தெரியும்னு நெனச்சுண்டிருந்தேன்" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு மிச்ச வேலையை முடித்தார். அம்மாவின் எல்லா ஃபைல்களையும் இரண்டு சிடியில் ஏற்றி, அவள் கையில் கொடுத்தார்.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு மறதி அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். முதல் நாள் அது கத்தியதை நான் காதால் கேட்டவள், அவர் அதை அணைக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே பாவம், மாமா தான் செய்யாததைச் செய்ததாகத் தவறாக ஞாபகம் வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பெரியவர்களைத் திருத்துவது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்தேன். கற்பகாம்பாளின் சாமர்த்தியத்தை நினைத்து வியந்தேன். செருப்பு மாட்டிக்கொள்ளும்போது மாமா என்னிடம், "யாராவது பென் டிரைவ் குடுத்தா, மொதல்ல என்கிட்ட கொண்டு வா, என்ன?" என்றார். இவருக்கு எப்படி இந்த மாதிரி யோசனையெல்லாம் சரியாகத் தோன்றுகிறது என்று அதற்கும் ஒரு தடவை வியந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு கம்பெனியிலிருந்து யூனிஃபார்ம் போட்ட ஆள் வந்தார். மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிரம்பு நாற்காலி பக்கம் போக மாட்டார். ரசத்தின்போது அப்பா ஆன்டிவைரஸைப் பற்றி ஏதாவது சொல்வார், மாமா ஆமாம் என்பார். சண்டை அப்படி முடிந்துபோனது. அம்மா டாக்டர் பட்டம் வாங்கினாள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் வரி தம்பிக்கு.

போன வருடம், அடையாறில் என் வீட்டில் சரஸ்வதி பூஜை. லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கப் போனால் சந்தனம் இல்லை. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து வைத்தேன். காய்ந்ததும் அது ஓரமெல்லாம் கசிந்து, வெறும் சிவப்பாக, மஞ்சள் விளிம்பு இல்லாமல், யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீபோர்டைப் பார்த்து, மானிட்டரைப் பார்த்து, கைக்குட்டையை எடுத்த மாமா ஞாபகம் வந்தது. பதினாலு வருடம் கழித்து எனக்கு உடம்பெல்லாம் சுட்டது.

மறுநாளே மந்தைவெளிக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா மாமாவுக்கு போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவருக்கு வராது. "லேப்டாப் ஸ்லோவா இருக்கு. நீ வந்து பாத்தாதான் ஆகும்" என்றார். மாமா அன்று சாயங்காலமே வந்தார். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று எடுக்கப்போனார். அப்பா கூடாது என்றார். காபி ஆறும்வரை இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது.

என் மெஷினில் மாமா கொள்கைதான். இலவசமாக வந்த பாதுகாப்பு, தவறாத அப்டேட், இரண்டு இடத்தில் காப்பி. ஒவ்வொரு தடவை காப்பி எடுக்கும்போதும் அவரை நினைத்துக்கொள்கிறேன். தான் கெட்டிக்காரன் என்று நாலு பேர் ஒப்புக்கொண்ட ஒரே இடத்தை, பதினோரு வயதுக் கழுதை ஒன்று திட்டு வாங்கக்கூடாது என்பதற்காக விட்டுக்கொடுத்த மனிதர் அவர். இந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அந்த விஜயதசமியன்று எல்லோருக்கும் இலை போட்டிருந்தது. மாமா கடையில் அவசர வேலை இருக்கிறது என்று சாப்பிடாமல் கிளம்பினார். அம்மா எவ்வளவோ சொல்லியும் நிற்கவில்லை. விடுமுறை நாளில் கடை ஏது என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் இலைக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு வடையையும் நான்தான் சாப்பிட்டேன்.