பல்செட்டு அக்கா போட்ட வழி

பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஜன்னல் சட்டம் வரை வெள்ளைத் தூசி படிந்த ஒரு சின்ன அறை. அதுதான் பல்செட்டு அக்காவின் ராஜ்ஜியம். நோயாளி கடித்துக் கொடுத்த வாய் அச்சு முன்பக்கத்திலிருந்து வரும். அக்கா அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை எழுப்புவாள். பிறகு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். பல்லுக்குச் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் கண் நேராக மேல்வரிசைக்குத்தான் போகும். "உன் எதிர்ல சிரிக்கவே பயமா இருக்கு," என்பார் வீட்டுக்காரர். அவர் டவுன் பஸ் டிரைவர்.

மருத்துவமனை ஆற்றுக்கு அக்கரைக்கு இடம் மாறியபோதுதான் சைக்கிள் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டுமே நேரத்துக்கு வராது. பஸ் டிரைவர் பெண்டாட்டி பஸ்ஸுக்குக் காத்து நின்று வேலைக்குப் பிந்தினாள் என்றால் ஊர் சிரிக்காதா? ஒரு பழைய சைக்கிளை வாங்கினாள். முதல் வாரம் முழங்கால் கூப்பாடு போட்டது. ஒரு மாதத்தில் அது வாயை மூடிக்கொண்டது. ஒருநாள் சிக்னலில் நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு போகையில் டிரைவரைப் பார்த்துக் கையாட்டினாள். டிரைவர் அவள் வீட்டுக்காரர்தான். மனுஷன் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஊர் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தாள். சேர்ந்து பல வருடமாகியும் அங்கே அவளுக்குக் கிடைத்த உத்தியோகம், வந்து சேருகிறவர்களுக்கு டீ ஊற்றுவது. வருடத்துக்கொரு முறை கிளப் போகும் நெடும்பயணத்துக்கு வழி போடுவது எப்போதும் ஆண்கள்தான், அதிலும் பெரும்பாலும் தலைவர் மருந்துக்கடைக்காரர்தான். வருடா வருடம் ஒரே பாலம், ஒரே நெடுஞ்சாலை, ஒரே லாரிப் புகை. ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி எத்தனை கிளைச்சாலை இருக்கிறது, மலையடிவாரத்தில் எத்தனை வளைவு இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். டீக் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு அதையெல்லாம் யாரிடம் சொல்ல?

இந்த வருடக் கூட்டத்தில் பொறுக்க முடியாமல் கையைத் தூக்கிவிட்டாள். "இந்தத் தடவை வழிய நான் போடறேன்."

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போடுங்களேன். கிளப் வழக்கம் தெரியுமில்ல?"

தெரியும். வழி போடுகிறவர், இதுவரை நெடுந்தூரம் ஓட்டியே அறியாத ஒரு புது ஆளைக் கூட்டிவர வேண்டும். பயணம் முடியும் ஊர்ப் பாலத்தில் விளக்கு எரிவதற்குள் அந்தப் புது ஆள் தன் சக்கரத்திலேயே பாலத்தைக் கடக்க வேண்டும். வழி போட்டவர் எல்லாருக்கும் கடைசியாகப் பாலத்தைத் தாண்ட வேண்டும். புது ஆள் வந்து சேராவிட்டால் அந்த வழியைக் கைகழுவிவிடுவார்கள். போட்டவரிடம் ஆயுசுக்கும் இன்னொரு வழி கேட்க மாட்டார்கள். முன்னொரு சமயம் எலக்ட்ரீஷியன் ஒருவர் கூட்டிவந்த மச்சான் பாதியிலேயே காய்கறி வண்டியில் ஏறி வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். எலக்ட்ரீஷியன் அதோடு கிளப்புக்கே வருவதில்லை.

அக்கா வீட்டுக்காரரைக் கேட்டாள். "என் காலுக்கு பிரேக்கும் கிளட்ச்சும் போதும்," என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் கேட்டாள், வேலையிடத்தில் கேட்டாள், ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் "நான் வரேன் அண்ணி," என்று வந்து நின்றது யார் தெரியுமா? நாத்தனார்.

நாத்தனார் பஸ் ஸ்டாண்டு எதிரில் முடி வெட்டும் பார்லர் வைத்திருப்பவள். நல்ல வாட்டசாட்டம். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. அண்ணிக்கும் அவளுக்கும் கல்யாண நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

"நீயா? எதுக்கு?" என்றாள் அக்கா.

"நீங்க தோக்கறத பக்கத்துல இருந்து பாக்கணும்ல?"

வேறு ஆள் கிடைத்திருந்தால் அக்கா அந்த நிமிடமே கதவைச் சாத்தியிருப்பாள்.

ஞாயிறுதோறும் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். ஒரு வாரம் மலையடிவாரத்து ஏற்றம், மறு வாரம் ஆற்றோர இறக்கம். முழு வழியையும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்க்க நேரம் ஏது? மத்தியானம் வீட்டுக்காரர் டியூட்டி முடித்துப் பசியோடு வருவார். நாத்தனார் பார்லரைத் திறக்க வேண்டும். காலையில் ஆற்றோரம் சொர்க்கம். மலையிலிருந்து வரும் காற்று முதுகில் தட்டிக்கொடுக்கும், மிதிக்கவே வேண்டாம். ஆகவே அக்கா திட்டத்தை இப்படிப் போட்டாள்: தெம்பு இருக்கும்போது காலையில் மலையடிவாரம், களைத்துப்போன மத்தியானத்தில் ஆற்றோடு சும்மா மிதந்து வீடு. பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த நாளும் வந்தது. காலையில் எல்லாம் கச்சிதம். பழத்தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் சாலையைப் பார்த்துக் கிளப் ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். "இத்தனை நாள் இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். நாத்தனார்கூட முனகிக்கொண்டே ஏறிவிட்டாள். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை.

மத்தியானம் பள்ளத்தாக்கின் மேல்முனையில் ஆற்றோரச் சாலைக்குத் திரும்பினார்கள். அங்கே முகத்தில் அறைந்தது காற்று. சாதாரணக் காற்றா அது? வெயில் ஏறியதும் சமவெளியிலிருந்து கிளம்பி, பள்ளத்தாக்குக்குள் புகுந்து, ஆறு ஓடும் திசைக்கு நேர் எதிராக மேலேறி வரும் காற்று. இறக்கத்திலேயே மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. இந்தச் சாலையை அக்கா ஒருநாள்கூட மத்தியானத்தில் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவள் எப்போதும் பிளாஸ்டர் அறையிலோ அடுப்படியிலோதான் இருந்திருக்கிறாள்.

"தினமும் மத்தியானம் இப்படித்தான் அடிக்கும்," என்றார் மருந்துக்கடைக்காரர், ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? சொல்லியிருக்கலாமே!"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிப் போனார். மற்றவர்களும் தனித்தனியாகப் பிரிந்து போனார்கள். காற்றுக்கு மறைவாக இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போவது கிளப்பில் கௌரவக் குறைச்சல். அவரவர் காற்றை அவரவர்தான் வாங்க வேண்டும்.

கொஞ்ச தூரத்திலேயே நாத்தனாருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வண்டியை ஓரம் கட்டினாள். இனி அவள் வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி என்று அக்கா காத்திருந்தாள். வாழ்நாளில் போட்ட ஒரே வழி, அதுவும் இவள் கண்ணெதிரில் மண்ணாகப் போகிறதே என்று அழுகை முட்டியது. கௌரவமாவது ஒன்றாவது!

"என் பின்னாலயே ஒட்டி வா. என் சக்கரத்த மட்டும் பாரு," என்றாள்.

நாத்தனார் சிறிது தூரம் ஒட்டி வந்தாள். பிறகு கத்தினாள்: "அண்ணி, உங்க முதுகெல்லாம் ஒரு முதுகா? ரெண்டு பக்கமும் காத்து வருது. நகருங்க, நான் முன்னாடி போறேன்!"

போனாள். அந்த அகன்ற முதுகுக்குப் பின்னால் வந்ததும் காற்றே நின்றுவிட்டதுபோல் இருந்தது அக்காவுக்கு. மூச்சு வந்தது, காலுக்கு உயிர் வந்தது. நாத்தனார் தளர்ந்ததும் இவள் முன்னால் போனாள். இவள் தளர்ந்ததும் அவள் வந்தாள். வளைவு தாண்டியதும் கிளப் ஆட்களில் ஒருவரான தபால்காரர் சாலையோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வெக்கப்படாம பின்னாடி சேருங்க!" என்று நாத்தனார் அதட்டினாள். பார்லரில் தலையைக் குனியச் சொல்லும் அதே அதட்டல். தபால்காரர் சேர்ந்தார். அப்புறம் கணக்கு வாத்தியார், அப்புறம் பேக்கரிக்காரத் தம்பதி. ஒவ்வொருவராக முன்னால் போய்க் காற்றை வாங்கிவிட்டுப் பின்னால் வந்தார்கள். தனியாக நகர மறுத்த சாலை இப்போது சக்கரத்துக்கடியில் ஓடியது. வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். சுருதி சேரவில்லை, ஒருவரும் கவலைப்படவில்லை.

ஆறு அகலமாகும் இடத்தில், எல்லாருக்கும் முன்னால் கிளம்பிய மருந்துக்கடைக்காரர் தெரிந்தார். நத்தை வேகம். முகம் தக்காளிப் பழம். அக்காவுக்கு ஒரு நொடி அப்படியே தாண்டிப் போய்விடலாமா என்றுதான் தோன்றியது. பொய் சொல்வானேன், ரொம்பவே தோன்றியது.

"சேர்ந்துக்கங்க சார்," என்றாள். "நீங்க கேட்கல, இருந்தாலும் சொல்றேன்."

அவர் வரிசைக்குள் வந்து, நாத்தனாரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

பாலம் தெரிந்தபோது வானம் மங்கத் தொடங்கியிருந்தது. விளக்குக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு எல்லாரும் மிதித்தார்கள். நாத்தனார் தலைமையில் முழு வரிசையும் பாலத்தில் ஏறியது. ஒருவர்கூடக் குறையவில்லை. வழக்கப்படி கடைசியாக அக்கா பாலத்தைத் தாண்டினாள். ஒரு விளக்கும் எரிந்திருக்கவில்லை. அங்கே காத்திருந்த வீட்டுக்காரர், டிரைவர் சட்டையோடு, விசிலடித்துக் குதித்தார். ஜெயித்துவிட்டாள்! அக்கா வண்டியைச் சாய்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். "அருமையான வழிம்மா. கிளப் ஏத்துக்குது. அடுத்த வருஷம் மட்டும் நேரத்த மாத்திடுங்க. ராத்திரியே கிளம்பிட்டா விடியறதுக்குள்ள மலையடிவாரம், காலைல ஆத்தோரம். காத்துக்கு முன்னாடியே ஆத்த முடிச்சிடலாம்."

நியாயமான யோசனைதான். அக்கா சரியென்று சொல்ல வாயெடுத்தாள். பாலத்து நடைபாதையில் மல்லாந்து கிடந்த நாத்தனார் தலையை மட்டும் தூக்கினாள்.

"மாத்தினா நான் வரமாட்டேன். காத்து இருக்கணும். சும்மா இறக்கத்துல உருண்டு வர்றதுக்கு இத்தனை பேரு எதுக்கு?"

அக்கா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மாத்தல," என்றாள். "ஆனா முதல் காத்து எனக்கு."

"உங்க முதுகுக்கா?" என்றாள் நாத்தனார். "அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம் அண்ணி."