பனிக்கல்லறையும் ஒரு விசில் சத்தமும்

ஆஸ்பத்திரியில் காது கேட்கிறதா என்று சோதிக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்குக் காதக்கா என்று பெயர் வைத்தவர் வாட்ச்மேன். அது ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருந்தது. தடித்த கதவு, பஞ்சு வைத்த சுவர். வந்தவரை அதற்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிய 'கீ' சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: "கேட்டா அழுத்துங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க. யோசிக்காதீங்க."

ஒருநாள் நீள முடி வைத்த ஒரு கூரியர்காரர் வந்தார். காதுக்குள் ரீங்காரம் என்றார். சோதனையில் வந்த வரைபடத்தைப் பார்த்ததும் காதக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"சத்தமா பாட்டு கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"குறைச்சுக்கணும். போன காது திரும்பி வராது."

"குறைச்சா அது அந்தப் பாட்டே இல்லக்கா."

வழக்கமாக இந்த மாதிரி பதிலுக்கு அவள் ஒரு அச்சடித்த அறிவுரைத் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். அன்றைக்கு என்னவோ, காதையே பணயம் வைக்கும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. "போடுங்க, கேப்போம்" என்றாள். அவர் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டு ஹெட்போனை அவளிடம் நீட்டினார்.

முதலில் கேட்டது தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி விழுவது போன்ற சத்தம். அதற்குள் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். பதிவும் படுமோசம், கிணற்றுக்குள் மைக்கை இறக்கியது மாதிரி. அவள் ஹெட்போனைக் கழற்றப் போனாள். அந்த நேரத்தில்தான், இரைச்சலுக்கு அடியில் மெதுவாக ஒரு ராகம் நகர்வது அவளுக்குக் கேட்டது. யாரும் அதை வாசிக்கவில்லை. கிட்டார்களின் இரைச்சல் ஒன்றோடொன்று உரசியதில் அது தானாக உண்டாகியிருந்தது.

"இது எத்தனை பேர்?"

"ஒரே ஆள்தான். கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் அவரே. வீட்டு ரூம்ல உட்கார்ந்து பண்றது. பிளாக் மெட்டல்னு சொல்வாங்க, ராக் இசைல ஒரு வகை. இதுல நிறைய பேர் இப்படித்தான், தனி ஆளுங்க. யாருன்னே தெரியாது."

கூரியர்காரர் போய்விட்டார். அந்த ராகம் போகவில்லை.

இரண்டு வருடத்துக்குள் காதக்கா பழைய கிட்டார் ஒன்று வாங்கி, அடிப்படையைக் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டரில் டிரம்ஸை ஓடவிடவும் பழகியிருந்தாள். கிட்டாரை ஹெட்போனில் குறைந்த சத்தத்தில்தான் வாசிப்பாள்; தொழில் தர்மம். கத்துவதற்குத்தான் இடம் இல்லை. அவள் கணவன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். அவனிடம் ஒரு வேன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் அதை நிறுத்துவார்கள். பெயிண்ட் டப்பாக்களுக்கும் விரிப்புத் துணிகளுக்கும் நடுவே உட்கார்ந்து அவள் கத்துவாள். அவன் வெளியே ஸ்டூல் போட்டுப் பேப்பர் படிப்பான்.

ஒருமுறை கடைகளின் காவலாளி ஓடி வந்து வேன் கதவைத் தட்டினார். "உள்ள யாரு? என்ன பண்றீங்க அந்தப் பொம்பளைய?"

"என் வீட்டுக்காரிங்க. பாடுறா" என்றான் பெயிண்டர், பேப்பரிலிருந்து கண் எடுக்காமல்.

கதவு திறந்தது. காதக்கா தலையை நீட்டி, "ரொம்ப சத்தமா இருக்காண்ணே?" என்று பணிவாகக் கேட்டாள். காவலாளி வேனுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

தன் ஒற்றை ஆள் இசைக்குழுவுக்கு அவள் வைத்த பெயர் பனிக்கல்லறை. பாடல்களில் பனிப்புயல், உறைந்த காடு, ஓநாய் எல்லாம் வந்தன. இந்த இசையைச் செய்கிறவர்கள் அதையெல்லாம்தான் பாடுகிறார்கள் என்று அவளும் பாடினாள். நான்கு பாட்டு முடிந்ததும், வேறொரு ஊரில் இந்த மாதிரி இசையைக் கேசட்டில் பதிந்து விற்கும் ஒருவருக்கு அனுப்பினாள். வீட்டில் கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் மூச்சு விடவில்லை. எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடந்தது.

கேசட்காரர் போன் செய்தார். பெண் குரலைக் கேட்டுக் கொஞ்சம் தடுமாறினார், பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. தப்பே இல்ல. ஆனா இதே மாதிரி என்கிட்ட ஒரு அலமாரி நிறைய இருக்கு. ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஊர்ல பனி பெய்யுமா?"

"இல்ல."

"ஓநாய்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க முகம் கடுகடுவென்றிருந்தது. மறுநாள் கோபம் ஆறியபோது, அந்த மனிதர் கேட்டது கேள்விதானே, அதற்குத் தன்னிடம் ஏன் பதில் இல்லை என்ற யோசனை வந்தது.

வித்தியாசமாகச் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பினாள். வாஷிங் மெஷின் சுற்றும் சத்தத்தைச் சேர்த்தாள். சுவரிலிருந்து பழைய பெயிண்டைச் சுரண்டும் சத்தத்தைச் சேர்த்தாள். ஒரு பாட்டைத் தலைகீழாக ஓடவிட்டாள். கணவனுக்குப் போட்டுக் காட்டியபோது அவன் தாடையைத் தடவிக்கொண்டான்.

"எல்லாருமே என்கிட்ட, யார் வீட்டுலயும் இல்லாத கலரா அடிச்சுக் கொடுங்கன்னுதான் கேக்குறாங்க. போன மாசம் அப்படிக் கேட்ட மூணு வீட்டுக்கும் ஒரே சாம்பல் கலர்தான் அடிச்சேன்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. சொன்னேன். முகத்துக்கு வெள்ளை, கறுப்பு ஏதாவது வேணும்னா மட்டும் சொல்லு. ஸ்டாக் இருக்கு."

இந்த இசைக்காரர்கள் முகத்தில் பிணம் போல வண்ணம் பூசிக்கொள்வதைப் போட்டோவில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அது தீராத கேலி. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் கலர்தான் உறுத்தியது; எல்லாப் பதிவையும் அழித்தாள். சில மாதம் கிட்டாரைத் தொடவே இல்லை.

அப்போதுதான் பாய்லர்காரர் வந்தார். ஒரு பெரிய ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடது காதில் விடாமல் ஒரு விசில் சத்தம், அதுதான் வியாதி. இப்படிப்பட்டவர்களுக்குச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இயந்திரத்தில் பல சுருதிகளை ஒலிக்கவிட்டு, உங்கள் காதில் கேட்பது இதுவா அதுவா என்று கேட்டுக் கிட்டே போவது. பெரும்பாலானவர்கள் நாலைந்து முயற்சியில் "ஆங், இதான்" என்று சொல்லிவிடுவார்கள். பாய்லர்காரர் பிடி கொடுக்கவில்லை.

"இது இல்லம்மா."

"இது?"

"கிட்ட வருது. ஆனா இது நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்குது. என்னுது நிக்காது, ஆடும். அதுக்குப் பின்னால தட்டுல கரண்டிய இழுக்குற மாதிரி இன்னொண்ணு."

காதக்காவின் பேனா நின்றது. இத்தனை வருடங்களில் காது இரைச்சல் என்று எத்தனையோ பேர் அவளிடம் வந்திருக்கிறார்கள். சுருதியைக் குறித்துக்கொள்வாள், அடுத்தவரைக் கூப்பிடுவாள். அந்தச் சத்தம் உண்மையில் எப்படி இருக்கும் என்று அவள் யாரையும் கேட்டதே இல்லை. எதிரே இருப்பவரைத் தவிர உலகத்தில் வேறு எவரும் கேட்காத, கேட்கவும் முடியாத ஒரு சத்தம்!

"ஐயா, எங்கிட்ட வீட்டுல ஒரு கிட்டார் இருக்கு. இந்த மெஷினால முடியாதத அதுல செஞ்சு பாக்கட்டுமா? இது சிகிச்சை இல்ல. எனக்கே தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

பாய்லர்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாருங்களேன். எனக்கென்ன, வீட்டுல சும்மாதான இருக்கேன்."

அடுத்த சில வாரங்கள் அவர் ஒரு கண்டிப்பான முதலாளியாக மாறிவிட்டார். அவள் பதிந்து கொண்டுவருவாள். அவர் உதட்டைப் பிதுக்குவார். மிக மெல்லிய தந்தியை வேகமாக மீட்டினாள். "கொசு மாதிரி இருக்கு." ஸ்பீக்கர் முன்னால் கிட்டாரைப் பிடித்து ஊளையிட வைத்தாள். "இது அழுவுது. என்னுது அழாது, அதுபாட்டுக்கு இருக்கும்." கடைசியில் ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசித்து, இரண்டாவதன் சுருதியை ஒரு மயிரிழை தாழ்த்தி, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள். இரண்டும் மோதி, சத்தம் அலையலையாக ஆடத் தொடங்கியது. அதற்குப் பின்னால் தந்திமேல் இரும்புத் தகட்டை மெல்ல இழுத்தாள்.

பாய்லர்காரர் கேட்டார். உதடு பிதுங்கவில்லை.

"இத என் வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்ட முடியுமாம்மா?"

அந்த அம்மா அடுத்த வாரம் வந்தார். வரும்போதே சலிப்போடுதான் வந்தார். "இவருக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் பேசுனா மட்டும் கேக்காது. ரேடியோவ அலறவிட்டுட்டுத் தூங்குவாரு, நான் பக்கத்து ரூமுக்குப் போயிட்டேன்" என்று குற்றப்பத்திரிகை வாசித்தார். காதக்கா ஹெட்போனை மாட்டிவிட்டாள். பெரியவர் சொல்லும் அளவு வரை சத்தத்தைக் கூட்டினாள்.

அந்த அம்மா முதலில் முகம் சுளித்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா, நிறுத்து. இது எப்ப நிக்கும்?"

"நீங்க சொன்னா நிறுத்திடுவேன். அவருக்கு நிக்காது."

"தூங்குறப்ப?"

"அப்பவும்தான்" என்றார் பாய்லர்காரர்.

அந்த அம்மா எழுந்து வந்து அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?"

"சொன்னேனே. விசில் மாதிரி இருக்குன்னு."

"விசில்னா நான் விசில்னுதான நினைப்பேன்!" அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. இருவரும் போகும்போது, அந்த அம்மா சுற்றி வந்து அவருடைய வலது பக்கமாக நடந்ததைக் காதக்கா கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அந்தச் சத்தத்தை வைத்துப் பாட்டு செய்யலாமா என்று அவரிடமே கேட்டாள். "என் காதுல இருந்து போகாது. வேற எங்க வேணா போகட்டும்" என்று சம்மதித்தார்.

கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க நீளும் ஒரே பாட்டு. டிரம்ஸ் உண்டு, ஆலங்கட்டி உண்டு, நடுவே ஓயாமல் ஆடும் அந்த விசிலும் உண்டு. என்ன வார்த்தை கத்துவது என்று வேனுக்குள் உட்கார்ந்து யோசித்தாள். பனியும் ஓநாயும் வாயில் வரவில்லை. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்தான் வந்தன. கேட்டா அழுத்துங்க! கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்க! தொண்டை கிழியக் கத்திப் பதிந்து, கேசட்காரருக்கு அனுப்பினாள்.

கேசட்காரர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "இது பிளாக் மெட்டலா?"

"தெரியல. நீங்கதான் சொல்லணும்."

"எனக்கும் தெரியல" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எந்தத் தட்டுல வைக்கிறதுன்னு புரியாம மேசை மேலயே வச்சிருக்கேன். போட்டுடலாம். பனிக்கல்லறைங்கிற பேரு மட்டும் மாத்துறீங்களா?" என்று கேட்டார். பெயரை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை. எங்கிருந்து கிளம்பினாள் என்பது அதில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கேசட் வந்தது; நடுவே ஆடுவது ஒருவர் காதில் கேட்கும் சத்தம் என்று அட்டையில் போட்டிருந்தது. இந்த இசையின் தீவிர ரசிகர்கள் சிலர், இது ஏமாற்று வேலை என்று எழுதினார்கள். காதில் இரைச்சல் உள்ள வேறு சிலர், தங்கள் காதில் கேட்பது இதைவிடக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கரகரப்பாக என்று விவரமாக எழுதினார்கள். பாய்லர்காரரிடம் முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினாள்.

"பாட்டு நல்லால்லம்மா" என்றார் அவர். "சத்தம் மட்டும் அச்சு அசலா இருக்கு."

அவர் மனைவி தன் காதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தார். சோதனை முடிந்து எழும்போது, "ஊர்க் காதையெல்லாம் பாக்குற. உனக்கு என்னம்மா கேக்கும்?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காதக்கா அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹெட்போன் போடவில்லை, வெறுமனே உட்கார்ந்தாள். முதலில் மூச்சு. பிறகு நாடித் துடிப்பு. அவை இரண்டும் பழகி விலகிய பிறகு, மிகக் கீழே, சத்தம் என்று சொல்லவும் முடியாத ஒன்று இருந்தது.

மாலையில் வீட்டில் கிட்டாரின் தடித்த தந்தியைத் தளர்த்திக்கொண்டே கணவனிடம் அதை வாயால் செய்து காட்டினாள்.

"ஃபிரிட்ஜா?"

"இல்ல."

"லிஃப்ட் கீழ இறங்குற மாதிரியா?"

"அதுவும் இல்ல. லிஃப்ட் ஒரு இடத்துல போய் நின்னுடும்ல." அவள் முறுக்காணியை இன்னும் கொஞ்சம் திருகி, தந்தியைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னும் கீழ."