அண்ணன் திருப்பி அனுப்பிய உதவித்தொகை

என் அண்ணன் ஜெயவேல் முட்டாள் இல்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைப் பிரிவில் பேசிய பெண், "உங்க வீட்டுப் பெரியவங்க யாரோ புரியாம வேண்டாம்னு சொல்லியிருக்காங்க மேடம். கிராமத்துப் பக்கம் இது சகஜம்தான்" என்றாள். லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆரணி கிராமம் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எங்களுக்கு அவளிடம் காரியம் ஆக வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா இறந்ததும் தறியில் உட்கார்ந்தார். அப்போது எனக்கு இரண்டு வயது. தறி எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. அதில் ஏறுகிற பட்டும் ஜரிகையும் முதலாளி பன்னீர்செல்வத்துடையவை. புடவைக்கு இவ்வளவு கூலி என்று பேச்சு. நான் பிளஸ் டூ முடித்து வேலூரில் கல்லூரியில் சேர்ந்தபோது அண்ணன் அவரிடம் நாற்பதாயிரம் முன்பணம் வாங்கினார். அந்தப் பணத்தில்தான் நான் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். இன்று போளூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன்.

முன்பணம் என்றால் எங்கள் ஊரில் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒருவரிடம் வாங்கிவிட்டால் அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக்கூடாது. பத்திரமோ கையெழுத்தோ கிடையாது. மீறினால் ஊரில் எந்த முதலாளியும் தறியில் ஏற்றப் பாவு நூல் தரமாட்டார். நடுவில் விலக வேண்டுமானால் மொத்தத்தையும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முன்பணம் வேண்டாம் என்று நினைப்பவர் பாவு தறியில் ஏறுவதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். ஏறிய பிறகு சொல்பவனை ஏமாற்றுக்காரன் என்பார்கள்.

அண்ணனின் நாற்பதாயிரம் தீரவே இல்லை. ஒரு தீபாவளிக்குக் கொஞ்சம், என் கல்யாணத்துக்குக் கொஞ்சம், அண்ணியின் ஆபரேஷனுக்குக் கொஞ்சம் என்று மேலே மேலே ஏறியது. வந்தவாசி ரோட்டில் ஒருவர் புடவைக்கு முன்னூறு ரூபாய் அதிகமாகத் தருவதாக இரண்டு முறை ஆள் அனுப்பினார். அண்ணன் போக முடியவில்லை. அதைச் சொல்லி யாராவது சீண்டினால் சிரிப்பார். "பன்னீர்செல்வம் வூட்டுக்கு நான் மாப்பிள்ளை மாதிரிப்பா. நானா கெளம்பவும் முடியாது, அவங்க தொரத்தவும் மாட்டாங்க."

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

அண்ணனின் மகள் சங்கீதா கணக்கில் கெட்டிக்காரி. அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோதே வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, புள்ளியியல் படிக்க விண்ணப்பித்தாள். நுழைவுத் தேர்வு வேலூரில் எழுதினாள். நேர்காணலை அண்ணனின் போனில், தறிச் சத்தம் கேட்காமல் இருக்க மொட்டை மாடியில் நின்று முடித்தாள். விண்ணப்பத்தில் பெற்றோரின் மின்னஞ்சல் கேட்டிருந்தார்கள். பழைய பஸ் நிலையத்தருகே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் தீனா, என் அண்ணனின் பெயரில் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தான். அதனால் எல்லாக் கடிதமும் அண்ணனின் போனுக்கே வந்தது.

மார்ச்சில் முதல் கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். சங்கீதாவுக்கு மறுநாள் பொதுத்தேர்வு. அவளைக் கலைக்கக்கூடாது என்று அண்ணன் அதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு போன் செய்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"தேவகி, காலேஜ்லருந்து ஒண்ணு வந்துகீது. சீட்டு குடுத்துட்டாங்களா?"

"இல்லண்ணா. சீட்டு கெடைச்சா ஃபீஸ்ல எம்பது பர்சன்ட் அவங்களே பாத்துக்குவாங்களாம். சீட்டு உண்டா இல்லையான்னு அப்புறம்தான் சொல்லுவாங்க."

"சீட்டே சொல்லல, பணத்தை மட்டும் முன்னாடியே பேசறாங்களா?"

"ஆமாண்ணா. சம்மதம்னு பத்து நாளைக்குள்ள சொல்லணுமாம்."

"நடுவுல உட்டுட்டு வந்தா?"

"அந்த வருஷம் வாங்கினதைத் திருப்பிக் கட்டணும்னு போட்டிருக்கு."

"அப்போ நிபந்தனைக்குக் கட்டுப்படறேன்னு சொல்லணும்."

"எல்லா எடத்துலயும் அப்படித்தாண்ணா இருக்கும். ஓகே குடுத்துடு. எனக்கு இன்னும் நாப்பது பேப்பர் இருக்கு."

"செரி செரி. நீ வேலையப் பாரு. ரொம்ப பேஜார் பண்ணிட்டேன்."

இரண்டு நிமிடம் பதினாறு விநாடி. போன் அதைப் பதிந்து வைத்திருக்கிறது.

இது தானம், திருப்பித் தர வேண்டியதில்லை, படித்து முடித்தால் போதும், யாருக்கும் அவள் வேலை செய்து கழிக்க வேண்டியதில்லை. இந்த நான்கு வாக்கியங்களை நான் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துக் கட்டிப்போடுகிறார்கள் என்று அவர் நினைத்ததற்கு, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சான்றும் கொடுத்தேன். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் காலை தறியில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரே நடந்து போய் ஆட்டோ ஏறினார். ஆரணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கண்ணமங்கலம் தாண்டியது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பன்னீர்செல்வம் வந்தார். மாலை போட்டார். காபி குடித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கமான மனுஷன்மா உங்க அண்ணன். போன மாசம் கூட ரெண்டு லட்சம் கேட்டாரு, பொண்ணு படிப்புக்குன்னு. தரேன்னு சொல்லியிருந்தேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்பது சதவீதம் வரப்போகும்போது இரண்டு லட்சம் எதற்கு?

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். "தறில பாதிப் பொடவை நிக்குது. அண்ணி முடிச்சுக் குடுத்தாங்கன்னா பழைய பாக்கில கழிச்சுக்கலாம். ஜல்தி ஒண்ணும் இல்ல. காரியம் முடியட்டும்."

"காரியம் இன்னிக்குத்தான் முடிஞ்சுதுங்க."

"அதாம்மா சொன்னேன்."

அண்ணி சாவித்திரி வாசலில் நின்றிருந்தாள். அதிகம் பேசாதவள். "முடிச்சுத் தரேன் முதலாளி. பழைய பாக்கி எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"இன்னாம்மா, நமக்குள்ள எழுத்தெல்லாமா?"

"அவர் இருந்தாரு, எழுத்து வேணாம். இப்ப வேணும்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் சேர்க்கை முடிவு வந்தது. அண்ணனின் போன் சங்கீதாவிடம் இருந்தது. "அத்தை, சீட்டு கெடைச்சிடுச்சு" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. போனை என்னிடம் நீட்டினாள். சேர்க்கை உறுதி என்ற வரிக்குக் கீழே, நிதியுதவி விண்ணப்பதாரரின் கோரிக்கைப்படி ரத்து செய்யப்பட்டது என்று இருந்தது. ஆண்டுக் கட்டணம் விடுதியோடு இரண்டரை லட்சம். இருபது நாட்களுக்குள் கட்டாவிட்டால் இடம் இல்லை.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தீனாவின் கடைக்குப் போனேன்.

"அக்கா, என் மேல கோச்சுக்காதீங்க. அவர் தமிழ்ல சொன்னாரு, நான் இங்கிலீஷ்ல அடிச்சேன், அவ்வளவுதான்" என்றான். அண்ணன் சொல்லச் சொல்ல அவன் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தான். அது இன்னும் கீபோர்டுக்கு அடியில் கிடந்தது.

"ஐயா, என் மகளுக்கு சீட்டு மட்டும் கொடுங்கள். முன்பணம் வேண்டாம். பாவு ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொன்னால் மரியாதை இல்லை. கட்டு என் மேல் இருக்கட்டும், அவள் மேல் வேண்டாம். ஃபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆரணி ஜெயவேல்."

"அந்தப் பாவு வரியை மட்டும் உட்டுட்டேன்கா. அதை எப்பிடி எழுதறதுன்னு தெரியல."

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிமிடத்தில் பதில் வந்திருந்தது. "நன்றி. உங்கள் விருப்பம் பதிவு செய்யப்பட்டது." மாதம் பன்னிரண்டாயிரம் வருமானம் என்று தாசில்தார் சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தை வேண்டாம் என்கிறார். ஏன் என்று ஒரு மனிதர் போன் செய்து கேட்கவில்லை. எங்களிடம் சேருங்கள் என்று விளம்பரம் செய்ய மட்டும் சங்கீதாவை வாரம் மூன்று முறை போனில் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பல்கலைக்கழகத்துக்கு போன் செய்தேன். அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள். மறுபரிசீலனைக்குப் படிவம் இருக்கிறது, அதில் காரணத்தை எழுதுங்கள் என்றாள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். முன்பணம் என்ன, அண்ணன் ஏன் முன்கூட்டியே மறுத்தார், அது எப்பேர்ப்பட்ட நேர்மை என்று இரண்டு பக்கம். படிவம் ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை. நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டம் இருந்தது: குடும்பச் சூழ்நிலையில் மாற்றம். வேலையிழப்பு, நோய், சம்பாதிப்பவரின் மரணம். மூன்றாவதைத் தொட்டேன். இறப்புச் சான்றிதழை இணைத்தேன். நேர்மைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். மறுமதிப்பீட்டில் குடும்பத்தின் பங்களிப்பு பூஜ்யம் என்று கணக்கிட்டு, கட்டணம் முழுவதையும் தாங்களே ஏற்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் உயிரோடு இருந்தபோது எண்பது. செத்ததும் நூறு. தெருவில் இரண்டு பேர் இதைக் கேட்டுவிட்டு, "போறப்ப கூட பொண்ணுக்கு வழி பண்ணிட்டுத்தான் போயிருக்காரு" என்றார்கள். அவர்களை அடிக்கலாம் போலிருந்தது. அவர் வழி பண்ணவில்லை. அவர் அவளுக்காக இன்னும் இருபது வருஷம் கட்டுண்டு கிடக்கத் தயாராக இருந்தார். அதற்கு நானும் ஒரு காரணம்.

சங்கீதா சம்மதம் என்ற பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, நீங்க முழுசா படிங்க. அப்புறம் அழுத்தறேன்."

பதினோரு பக்கம். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அண்ணி பாதிப் புடவையை நெய்துகொண்டிருந்தவள் தறியில் ஓடிய நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். திருப்பிக் கட்டும் வரி வந்ததும், "நடுவுல ஒடம்பு சரியில்லாம வந்துட்டா? நான் கெடையில உழுந்து, என்னைப் பாத்துக்கணும்னு வந்துட்டா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கடிதத்தில் இல்லை. மறுபடியும் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். அவள் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "நோய், குடும்பக் காரணம்னா திருப்பிக் கட்ட வேண்டாம் மேடம். வேற காலேஜுக்கு மாறினா மட்டும்தான்."

"அதை எழுதி அனுப்புங்க."

"மேடம், வாயால சொன்னா போதுமே..."

"போதாது. எழுதுங்க. நாங்க லைன்லயே இருக்கோம்."

எழுதி அனுப்பினாள். சங்கீதா அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். அந்த போன் பேச்சுக்கு எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

"அவர் கேட்டப்பவே இதைச் சொல்லியிருக்கலாம்" என்றாள் அண்ணி. பிறகு தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.