அலாரம் வேண்டாம் என்றவர்

சாலை பஜாரில் படகுச் சாமான் விற்கும் என் கடைக்கு மனைவியோடு வந்தார் அவர். பூவாரில் உல்லாசப் படகு ஒன்று வாங்கியிருந்தார். நல்ல உயரம், கசங்காத வெள்ளைச் சட்டை. எதிராளியைப் பேசி முடிக்கவே விடமாட்டார். பாதியிலேயே கையைக் காட்டி, "மனசிலாயி, மனசிலாயி" என்பார்; புரிந்துவிட்டதாம்.

வழிகாட்டும் கருவிகளில் பெரிய திரை உள்ளதை எடுத்தார்.

"ஆழம் குறைஞ்சா இது சத்தம் போடும் சார். பொழிமுகத்துல மணல்..." என்று ஆரம்பித்தேன்.

"மனசிலாயி. அந்தச் சத்தம்தான் வேண்டாம், அண்ணாச்சி. கெஸ்ட் எல்லாம் பாட்டு கேட்டுட்டு இருப்பாங்க. வயரைக் கட் பண்ணித் தாங்க."

"பிள்ளைங்களும் வருமே, இருக்கட்டுமே" என்றார் மனைவி. அவருக்கும் கையைக் காட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு கடலில் சேரும் அந்தப் பொழிமுகத்தில் மணல்திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. திரையில் தெரியும் வரைபடத்துக்கு அது எப்படித் தெரியும்? அலாரத்தைச் சோதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். கடையே அதிர அலறியது. அவர் கையைக் காட்டினார். அது நிற்கவில்லை.

"நிறுத்துங்க அண்ணாச்சி!"

நிறுத்தினேன். "வயரை வெட்டித் தர என்னால ஆகாது. வேற கடை பாருங்க" என்றேன்.

விடுவிடுவென்று காருக்குப் போய்விட்டார். மனைவி மட்டும் தயங்கி நின்று, "எத்தனை அடி ஆழத்துல சத்தம் போடும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே கார் ஹாரன் விடாமல் அலறியது. அந்த அம்மா ஓடினார்.

சத்தம் பிடிக்காத மனிதர் அடித்த ஹாரன் அது.